பாலத்தின் மேல் தட்டக்கூடாது

"மேற்படி நபர் புனிதப் பாதையின் எண்பத்தெட்டுத் தலங்களையும் முறைப்படி பலமுறை வலம் வந்தவர், வழியின் ஏற்ற இறக்கங்களை ஐயந்திரிபற அறிந்தவர், பின்வரும் யாத்திரிகர்களைத் தளர்ச்சியும் அச்சமும் இன்றி முன்நின்று நடத்திச் செல்லத் தகுதி வாய்ந்த வழிகாட்டி என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது."

இந்தச் சான்றிதழ் தோகுஷிமா நகரின் தெற்கே ஒரு வீட்டு முன்னறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சுவரில் கொஞ்சம் தாழ்வாகவே தொங்குகிறது. வருகிறவர்கள் அதை அடக்கத்தின் அடையாளம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. அதை மாட்டியவர் சான்றிதழுக்கு உரியவரான குஜிமே யசுதாக்காவேதான். மடக்கு ஏணியின் இரண்டாம் படிக்கு மேல் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். அந்த வீட்டில் பல்பு மாற்றுகிறவர் அவர் மனைவி மசுயோ.

குஜிமே பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கவில்லை. எண்பத்தெட்டுத் தலங்களையும் அவர் உண்மையாகவே பலமுறை வலம் வந்திருக்கிறார், ஆனால் பஸ்ஸில். ஓட்டுநருக்குப் பக்கத்து மடக்கு இருக்கையில், மடியில் மைக்கோடு. சான்றிதழ் கொடுக்கிறவர்கள் எத்தனை முறை சுற்றினாய் என்று கேட்பார்கள். காலாலா சக்கரத்தாலா என்று கேட்பதில்லை. நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் காலமெல்லாம் புகார்த் தொலைபேசியை எடுத்துப் பேசிப் பேசி அவருக்கு ஒரு குரல் அமைந்திருந்தது. எந்தக் குழாய் எங்கே வெடித்தாலும் இன்னும் சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று நம்ப வைக்கிற குரல். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரல் யாத்திரை பஸ்ஸுக்குப் போனது. வயதான அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். சிலர் தூங்கியும் விடுவார்கள்.

அவர் பேசும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடுகிற பஸ்ஸில் பின்னால் திரும்பினால் குமட்டும். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, முதுகுக்குப் பின்னால் எல்லாரும் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் பேசுவார். பஸ்ஸில் அந்த நம்பிக்கை வீண்போனதில்லை.

அவருடைய பேச்சில் எல்லாருக்கும் பிடித்த பகுதி பாலத்தைப் பற்றியது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீவைச் சுற்றி நடந்த மகான் தைஷி, ஒரு குளிர்நாளில் யாரும் இடம் கொடுக்காமல் பாலத்துக்கு அடியில் படுத்து உறங்கினார். அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆகவே எந்தப் பாலத்துக்கு அடியில் எப்போது படுத்திருப்பார் என்று சொல்ல முடியாது. யாத்திரிகன் பாலத்தின் மேல் தடியை ஊன்றக் கூடாது, தட்டக் கூடாது. தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். எல்லாரும் இதை அறிவார்கள். குஜிமே ஒரு படி மேலே போவார். தடியின் தலையில் கட்டிய சின்ன மணியும் ஒலிக்கக் கூடாது என்பார். கைக்குட்டையை எடுத்து மணியைச் சுற்றிக் கட்டிக் காட்டுவார். நான்கு வழிச்சாலையின் கான்கிரீட் பாலத்தில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ்ஸுக்குள் அவர் இதைச் செய்யும்போது அம்மாக்கள் உருகிப் போவார்கள்.

அந்த உருக்கத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

வசந்த காலத்துப் பயணம் ஒன்றில், பதினோராம் கோயில் வாசலில், பன்னிரண்டாம் கோயிலுக்குப் போகும் மலைப்பாதையைக் கைநீட்டிக் காட்டினார். யாத்திரிகர்களை உருட்டிவிடும் ஏற்றம் என்றே அதற்குப் பெயர். மைக் கையில் இருந்தால் மனிதனுக்குத் தைரியம் வரும். "கண்ணை மூடிக்கிட்டே நடப்பேன், அந்த வழி எனக்கு அவ்வளவு பழக்கம்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப நீங்கதான் எனக்குச் சரியான ஆளு, வாத்தியாரே. என் கண்ணு தானாவே மூடிக்கிட்டிருக்கு."

கோதோதா ஃபுசாயே. எழுபதைத் தாண்டியவர். ஆண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்து நடத்தியவர். கண்ணில் நீரழுத்த நோய்; பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது நேர் எதிரே ஒரு வட்டம் மட்டும் மிச்சம். குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போல. வெளிச்சம் இருந்தால் அந்த வட்டத்தில் எல்லாம் துல்லியம். வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை.

"பஸ் ஜன்னல்ல பாத்தது போதும். இந்தக் கண்ணு கடைய மூடுறதுக்குள்ள ஒரு நாளாவது அந்த மலைய நடந்து பாத்துரணும். நீங்க முன்னால மணிய ஆட்டிக்கிட்டுப் போங்க, நான் சத்தத்தப் புடிச்சிக்கிட்டு வந்துருவேன்."

பஸ்ஸே கைதட்டியது. குஜிமே தலைகுனிந்து வணங்கினார். மறுக்க வேண்டிய நேரத்தில் வணங்கிவிடுவது அவருடைய பழைய வியாதி.

மசுயோ மட்டும் அன்றிரவு கேட்டாள்: "ஏங்க, நீங்களா? மலையா? நம்ம வீட்டு மாடிக்கே கைப்பிடியப் புடிச்சிக்கிட்டுத்தான ஏறுறீங்க?"

"இலையுதிர் காலத்துக்குத்தான் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள எத்தனையோ நடக்கும்."

எதுவும் நடக்கவில்லை. இலைகள் உதிர்ந்தன, நவம்பர் வந்தது. குஜிமேயும் ஃபுசாயேயும் மலையடிவார விடுதி ஒன்றின் கீழறையில் எதிரெதிரே உட்கார்ந்து, மிசோ சூப்பும் சுட்ட மீனுமாகக் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குஜிமே ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை வரும் என்று நேற்று வானிலை அறிக்கை கொடுத்த நம்பிக்கையை வானம் மெல்ல மெல்லக் கலைத்துக்கொண்டிருந்தது.

விடுதிக்காரம்மா மூங்கில் இலையில் கட்டிய சோற்றுருண்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். "உள்ள ஊறுகாய் ப்ளம் வெச்சிருக்கேன். இந்த வருஷம் காட்டுல ஓக் காய் சரியாக் காய்க்கல. அதனால பன்னிங்க கீழ வரைக்கும் எறங்குது. பாத்துப் போங்க."

"எந்தப் பக்கம்?" என்றார் குஜிமே, வானிலை கேட்கிற குரலில்.

"அதுங்களுக்கென்ன பக்கம் இருக்கு? எல்லாப் பக்கமுந்தான்."

"பயந்தா மணிய ஆட்டுனாப் போதும், ஓடிரும். வாத்தியாருக்குத் தெரியாததா?" என்றார் ஃபுசாயே.

வாத்தியார் மீனின் முள்ளை எடுக்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்.

முன்வாசலில் தடிகள் நிற்கும் மாடத்திலிருந்து விடுதிக்காரம்மா இரண்டையும் எடுத்துத் தந்தாள். ஃபுசாயேயின் தடி வெறும் வெள்ளை மரம். குஜிமேயுடையது வழிகாட்டிகளின் தடி. கீழ்ப்பாதிக்குச் சிவப்புப் பூச்சு. இத்தனை வருஷமாகியும் அந்தப் பூச்சில் ஒரு கீறல் இல்லை. விடுதிக்காரம்மா அதை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

பதினோராம் கோயிலின் பின்புறம் தொடங்கும் ஏற்றம் சான்றிதழ்களைப் பார்ப்பதில்லை. முதல் வளைவிலேயே குஜிமேவின் நெஞ்சு பஸ் என்ஜின் மாதிரி அடித்தது. ஆனால் பயம் நெஞ்சில் இல்லை, காதில் இருந்தது. ஒரு சருகு விழுந்தால் பாம்பு. ஒரு பறவை எழுந்தால் பன்றி. எதுவுமே அசையாதபோதுதான் மோசம்: எல்லாமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கின்றன. இதையெல்லாம் மறைக்க அவர் பேசினார். முன்னால் பார்த்தபடி, மைக் இல்லாமல், மூச்சு வாங்க, பஸ்ஸில் சொல்லும் கதைகளை அதே வரிசையில் சொல்லிக்கொண்டே போனார்.

"வாத்தியாரே," என்றார் ஃபுசாயே பின்னாலிருந்து, "நாப்பது வருஷம் நான் ஆம்பளைங்க பின்மண்டையப் பாத்தே பொழச்சவ. மூஞ்சி பொய் சொல்லும், பிடரி சொல்லாது. உங்க பிடரி ஏன் இப்பிடி வெறச்சிக்கிட்டு நிக்கிது?"

"குளிர்தாம்மா."

"வேர்த்து ஊத்துதே?"

"குளிர்லயும் வேர்க்கும். உடம்பு அப்பிடி."

"ஓ," என்றார் ஃபுசாயே. அந்த ஒற்றை எழுத்தில் ஒரு முடிவெட்டும் கடையின் மொத்த அனுபவமும் இருந்தது.

வழியில் ஆளில்லாத சின்னக் கோயில்கள் இரண்டு வந்தன. முதல் கோயில் வாசலில், ஆற்றையும் சமவெளியையும் காட்டும் இடத்தில், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்து குஜிமே சோற்றுருண்டை தின்றார். ஃபுசாயே விளிம்புக்கே போய்த் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் வட்டத்தைச் சமவெளி மேல் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். "ஒவ்வொரு துண்டாத்தான் தெரியிது. ஆனாத் துண்டு நல்லாருக்கு." குஜிமே அந்தப் பக்கம் பார்க்காமலே "அங்க நிக்காதீங்கம்மா, இங்க வாங்க, இங்கருந்தே நல்லாத் தெரியும்" என்றார். அவர் இருந்த இடத்திலிருந்து ஒரு மரத்தின் அடிப்பகுதிதான் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் ஒற்றைத் தேவதாரு நிற்கும் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கினார்கள். ஏறியதையெல்லாம் இறங்கி, பள்ளத்தாக்கின் ஓடையைக் கடந்து, அந்தப் பக்கத்துக் கிராமத்து விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் காலை எதிர்மலை மேலிருக்கும் பன்னிரண்டாம் கோயிலுக்கு ஏறுவது என்று திட்டம். இறங்க இறங்கப் பனிமூட்டம் ஏறிவந்தது. மரங்கள் முதலில் சாம்பலாயின, பிறகு மரங்கள் மாதிரி ஏதோ ஆயின. ஃபுசாயே ஒருமுறை நின்றார்.

"வாத்தியாரே, எனக்கு வட்டம் போயிருச்சு. வெள்ளையாத்தான் தெரியிது. மணிய நல்லா ஆட்டிக்கிட்டே போங்க."

குஜிமே ஆட்டினார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவர் பேச்சு நின்றது. தன்னை நம்பி ஒரு ஆள் பின்னால் வருகிறது என்பது பஸ்ஸில் இனிமையான விஷயமாக இருந்தது.

ஓடையின் இரைச்சல் முதலில் கேட்டது. பிறகு பாலம் தெரிந்தது. பாலம் என்றால், இரண்டு நீண்ட மரங்களின் மேல் குறுக்கே பலகைகள் அறைந்து, ஒரு பக்கம் மட்டும் கம்பிக் கயிறு. மழையில் ஊறிப் பாசி பிடித்த பலகைகள். அடியில் வெறும் பனிமூட்டம். அதற்கும் அடியில் எங்கேயோ பாறைகள் மேல் தண்ணீர் விழும் சத்தம். பாலத்தின் அடுத்த முனை தெரியவில்லை.

"ஒரு தடவைக்கு ஒரு ஆளுதான் போகணும்னு பலகையில எழுதியிருக்கு," என்றார் குஜிமே. குரல் குடிநீர்ப் பிரிவின் குரலாகவே இருந்தது. கால்கள் வேறு பிரிவைச் சேர்ந்தவை.

"அப்ப நீங்க மொதல்ல போங்க. போய்ச் சேந்ததும் மணிய ஆட்டுங்க. சத்தம் கேட்டப்புறம் நான் வர்றேன்."

"சரிம்மா."

"பாலத்துல தடிய ஊனிறாதீங்க."

"எனக்கேவாம்மா?"

இந்த இடத்தில் அவர் செய்ததை எங்கள் ஊர்க்காரர் மட்டும்தான் செய்வார். எங்கள் ஊரிலும் பஸ்ஸில் போகிறவர் மட்டும்தான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். உயிர்ப்பயத்தில் மனிதன் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வான். குஜிமேவுக்குத் தெரிந்தது இந்த ஒன்று. தடியைக் கக்கத்தில் இடுக்கி, கம்பிக் கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து அந்தப் பாலத்தைக் கடந்தார். வசந்த காலத்தில் சொன்ன சொல் அந்த மட்டுக்குப் பலித்தது.

எதிர்க்கரையில் கால் மண்ணைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார். சொன்னபடி தடியைத் தூக்கி ஆட்டினார், நன்றாகவே ஆட்டினார். ஓடையின் இரைச்சலில் மணி கேட்டதா இல்லையா என்று அவர் காது கவனிக்கவில்லை. கை ஆட்டினால் மணி ஒலிக்கும் என்பது அவர் கணக்கு. பிறகு, வருகிறவருக்கு வழிவிட்டு, முக்கியமாக அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் இருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு வளைவைத் தாண்டி நடந்தார். பின்னால் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம் வந்தது. ஃபுசாயேயின் காலடி என்று எடுத்துக்கொண்டார். நிம்மதியில் பேச்சு திரும்பி வந்தது.

"இந்தப் பாலத்த நான் பஸ்ஸில சொன்னதே இல்ல, ஏன்னா பஸ்ஸு இங்க வராது" என்று தொடங்கினார். தைஷி இந்த மலையில் நெருப்புப் பாம்பை அடக்கிய கதையைச் சொன்னார். அது நீளமான கதை. பாம்பு முக்கால்வாசி அடங்கியபோது, வழக்கமாக எல்லாரும் "ஐயோ" என்கிற இடத்தில், பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை.

குஜிமே திரும்பிப் பார்த்தார். பல வருஷங்களில் முதல்முறையாக.

யாரும் இல்லை. ஒரு தேவதாருக் கிளையின் நுனியிலிருந்து தண்ணீர் சருகின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"கோதோதாம்மா?"

பனிமூட்டம் அந்தச் சொல்லை வாங்கி வைத்துக்கொண்டது. கைபேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பள்ளத்தாக்கில் மாலை சீக்கிரம் வந்துவிடும். சாம்பல் ஏற்கெனவே கறுத்துக்கொண்டிருந்தது.

பயத்துக்கு நியாயமான காரணங்கள் உடனே கிடைத்துவிடும். விடுதி கீழே பக்கத்தில்தான். அங்கே தொலைபேசி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களைக் கூட்டி வருவதுதான் பொறுப்புள்ள வழிகாட்டியின் கடமை. திரும்பிப் போய்த் தானும் தொலைந்தால் யாருக்கு லாபம்? இத்தனையும் சரியான வாதங்கள். நகராட்சிக் கூட்டத்தில் சொன்னால் குறிப்பேட்டில் ஏறியிருக்கும். குஜிமே விடுதியை நோக்கி வேகமாக நடக்கத் தொடங்கினார். அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

கொஞ்ச தூரம் போனபின்தான் ஏதோ உறுத்தியது. இவ்வளவு வேகமாகத் தடியை ஊன்றி ஊன்றி நடக்கிறோம், ஏன் சத்தமே இல்லை? தடியின் தலையைப் பார்த்தார்.

மணியின் மேல் கைக்குட்டை. மசுயோ இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தது, நீலக்கரை வைத்தது, நேர்த்தியாக முடிச்சுப் போட்டு அப்படியே இருந்தது.

அந்த அம்மா தொலையவில்லை. அவர் சொன்னபடி பாலத்தைத் தாண்டாமல் முதல் கரையிலேயே நின்று மணிக்காகக் காத்திருந்தார். மணி வரவே இல்லை. பார்வை இல்லாதவர், ஓடை இரைச்சலுக்கு முன்னால், வழிகாட்டி பாலத்தில் கால்வைத்ததை மட்டும் அறிந்தவர். மணி வரவில்லையென்றால் என்ன நினைத்திருப்பார்? விடை குஜிமேவுக்கு உடனே கிடைத்தது.

கைக்குட்டையைப் பிய்த்து எடுத்தார். மணி சிணுங்கியது. அவ்வளவு சின்னச் சத்தம்.

திரும்பி நடந்தார். ஓடினார் என்று எழுத ஆசைதான். கால்கள் ஓடக்கூடிய நிலையில் இல்லை. வலப்பக்கத்து மூங்கில் புதரில் கனமாக ஏதோ நகர்ந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. பயம் போக மந்திரம் சொல்லலாம் என்று இதய சூத்திரத்தைத் தொடங்கினார். ஆயிரம் முறை மைக்கில் முன்நின்று ஓதியது, மூன்றாவது வரியில் அறுந்துபோனது. வாய் நிற்கவில்லை. "பயணிகள் அனைவரும் இருக்கைப் பட்டையை அணிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வந்தது. மூங்கிலுக்குள் இருந்தது ஒரு உறுமலோடு சரிவில் இறங்கி ஓடியது. பன்றிதான். குஜிமே அதை நின்று உறுதிசெய்துகொள்ளவில்லை. பட்டையை அணியச் சொல்லிக்கொண்டே போனார்.

பாலம் அப்படியே இருந்தது. பனிமூட்டத்துக்குள் எதிர்க்கரையில் ஆளின் நிழலே தெரியவில்லை.

கூப்பிட்டார். இரைச்சல் தின்றுவிட்டது. மணியை ஆட்டினார். அவர் காதுக்கே சரியாக வரவில்லை. ஒரு பாறை மேல் தடியை அடித்துப் பார்த்தார். பாசி அதைத் துணி மாதிரி வாங்கிக்கொண்டது. மண்ணிலும் அடித்தார். எதுவும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது.

பிறகு அவர் பாலத்தைப் பார்த்தார். நீண்ட மரங்கள், மேலே காய்ந்தும் ஊறியும் இறுகிய பலகைகள், அடியில் வெற்றுவெளி. குடிநீர்ப் பிரிவில் இருந்தவருக்கு ஒரு விஷயம் தெரியும்: வெற்றுவெளிக்கு மேலே எதைத் தட்டினாலும் ஊருக்கே கேட்கும். கரையோரத்துப் பலகை மண்ணோடு ஒட்டியிருக்கிறது. நடுவில் இருப்பதுதான் முழங்கும்.

அங்கேதான் தைஷி உறங்குகிறார். அதை யாருக்குச் சொல்லித் தரவில்லை அவர்? எத்தனை பஸ், எத்தனை அம்மாக்கள், எத்தனை கைக்குட்டை!

இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு போனார். தடியை ஒரு கையில் பிடிக்க வேண்டியிருந்ததால் கயிற்றுக்கு ஒரு கைதான் மிச்சம். நடுவில் போய் நின்றார். பாலம் அவரோடு சேர்ந்து நடுங்கியது, அல்லது அவரால் நடுங்கியது. "மன்னிச்சிருங்க சாமி, கொஞ்சம் எந்திரிங்க" என்றார் கீழே பார்த்து. தடியை ஓங்கினார்.

சத்தம் அவரையே தூக்கிப்போட்டது. பெரிய கோயில் முரசை யாரோ பள்ளத்துக்குள் வைத்து அடித்தது போல, மலை ஒருமுறை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பாலம் ஊஞ்சலாகியது. குஜிமே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே மறுபடி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் பலகை கழன்று தன்னோடு கீழே போகும் என்று முழுமனதோடு நம்பினார், நம்பிக்கொண்டே அடித்தார். சிவப்புப் பூச்சு சிம்புசிம்பாகப் பறந்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. கை மரத்துப்போனதும் கையை மாற்றிக்கொண்டார்.

கீழே, ஓடைப்போக்கில், கணிசமான தூரத்தில் ஒரு குரல் கேட்டது. முதலில் தைஷி என்றே நினைத்தார். குரலில் அவ்வளவு கோபம் இருந்தது.

"யாரு அது? எவன்டா அவன் பாலத்து மேல தட்டுறது? வெவஸ்தை கெட்டவனே! உனக்கு யாரும் சொல்லித் தரலியா?"

குஜிமே இன்னும் பலமாக அடித்தார். திட்டு மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. கடைசியில் அந்தக் கரையின் புதரை விலக்கிக்கொண்டு, வெள்ளை உடை முழுக்கச் சேறும், கையில் பாதி முறிந்த தடியுமாக ஃபுசாயே ஏறி வந்தார். நான்கு காலில்தான் வந்தார்.

"நாந்தாம்மா," என்றார் குஜிமே.

ஃபுசாயே முறிந்த தடியை ஊன்றி எழுந்து நின்றார்.

"செத்துட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார் ஃபுசாயே. "மணி வரவே இல்ல. விழுந்துட்டீங்கன்னு எறங்கிப்போயி ஒவ்வொரு பாறையாத் தடவிக்கிட்டிருக்கேன். ரெண்டு பாறைக்கு உங்க பேரச் சொல்லிக் கும்பிடுகூடப் போட்டாச்சு."

"கைக்குட்டைய அவுக்க மறந்துட்டேம்மா."

"என்னது?"

"மணியில கட்டுன கைக்குட்ட."

நாற்பது வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் ஃபுசாயேயை இப்படிப் பேச்சற்றுப்போகச் செய்ததில்லை. "எனக்குக் கண்ணு ஒண்ணுமே தெரியல," என்றார் கடைசியில். "தட்டிக்கிட்டே இருங்க. நிறுத்துனீங்கன்னா அவ்வளவுதான். நான் வர்றேன்."

ஒரு ஆள்தான் போகலாம் என்று எழுதியிருந்த பாலத்தில் இரண்டு பேர். குஜிமே தட்டிக்கொண்டே பின்னால் பின்னால் நகர, ஃபுசாயே அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். மண்ணுக்கு வந்ததும் அவர் முதலில் செய்தது, கையை நீட்டித் தடவி, குஜிமேவின் பிடரியைப் பிடித்துப் பார்த்ததுதான்.

"இன்னும் வெறச்சிக்கிட்டுத்தான் இருக்கு," என்றார்.

"ஆமாம்மா. ரொம்பப் பயமா இருக்கு."

"காலையிலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

விடுதி வரை அவர் அந்தப் பிடரிமேல் வைத்த கையை எடுக்கவில்லை. மணியை நம்புவதாக இல்லை என்று சொல்லிவிட்டார்.

மலைக்கிராமத்து விடுதியில் ஒரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிமா என்ற விடுதிக்காரம்மா வாசலிலேயே வாளியோடு நின்றாள். வந்தவரின் காலைக் கழுவும் முன் தடியின் காலைக் கழுவுவது எங்கள் விடுதிகளின் வழக்கம்; தடி என்பது தைஷியேதான். குஜிமேவின் தடியை வாங்கித் தண்ணீரில் விட்டவள் மறுபடி வெளியே எடுத்து விளக்கில் பார்த்தாள். நுனி விளக்குமாறு மாதிரி பிரிந்திருந்தது.

"என்னங்க இது, பூதம் கடிச்சுத் துப்புனாப்ல? வழிகாட்டித் தடிய நான் இந்தக் கோலத்துல பாத்ததே இல்லியே. சாயங்காலம் எதயோ போட்டுத் தட்டுன சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுது. மேல யாரோ மரம் வெட்டுறாங்கன்னு நெனச்சேன்."

குஜிமே உண்மையைச் சொல்ல மூச்சை இழுத்தார். ஃபுசாயே முந்திக்கொண்டார்.

"வாத்தியாரு ரொம்ப நடக்குறவரு. நடந்து நடந்து தேஞ்சது."

மிமா அம்மா அந்த நுனியை ஒரு துணியால் பதமாகத் துடைத்து, படங்கள் தொங்கும் மாடத்தில், ஃபுசாயேயின் முறிந்த தடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கையெடுத்தும் கும்பிட்டாள். இரவு உணவுக்குக் கோதுமை நூடுல்ஸும் மலைக்காய் வறுவலும், மேலே பிழிய ஊர் எலுமிச்சையும் வந்தன. குஜிமேவால் சாப்பிடும் குச்சிகளைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. மிமா அம்மா ஒரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாளைக்கு மேல ஏறணும்ல, வாத்தியாரே? எப்பிடி இருக்குது?" என்றார் ஃபுசாயே.

"இன்னிக்கவிட மோசம். நிக்கக்கூட முடியாத எடமெல்லாம் இருக்குன்னு பஸ்ஸுல சொல்லுவேன்."

"நெசமா, இல்ல பஸ்ஸுக்காகச் சொல்றதா?"

"தெரியலம்மா. நான் போனதில்ல. இன்னிக்கி வந்ததும் மொத தடவதான்."

மிமா அம்மா சூப்பை ஊற்றுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். ஃபுசாயே நூடுல்ஸை உறிஞ்சி முடித்துவிட்டு, "அது எனக்கு மொத வளைவுலயே தெரியும்," என்றார்.

மறுநாள் ஏறினார்கள். குஜிமே அப்போதும் பயந்தார். இப்போதும் பஸ்ஸில்தான் போகிறார், இப்போதும் பல்பு மாற்றுகிறவர் மசுயோதான். சான்றிதழை மாற்றி எழுத யாரும் கேட்கவில்லை. எழுதுவதென்றால் இவ்வளவுதான்: நவம்பர் மாதத்தில் ஒரு மாலை, குஜிமே யசுதாக்கா விடுதிக்குப் போகும் வழியிலிருந்து தனியாகத் திரும்பிப் போய், மரப்பாலத்தின் நடுவில் மண்டியிட்டு, கோதோதா ஃபுசாயே ஏறி வந்து சேரும்வரை தடியால் பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்.